சொட்டுவின் முதுகு

நரிப்பாறை அணைக் காலனியில் சொந்த ஊர்க்காரர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. மாற்றலாகி வருவார்கள், கொல்லையில் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டுவைப்பார்கள், அது காய்க்கிற நேரம் பார்த்து மாற்றலாகிப் போவார்கள், அந்தக் காயைப் பறித்துக் குழம்பு வைக்க வேறொருத்தர் குடும்பத்தோடு லாரியில் வந்து இறங்குவார். அப்படிப்பட்ட ஊரில் பதினேழு வருஷமாக நகராமல் இருந்தவை ரெண்டே ரெண்டு: ஒன்று அணை, இன்னொன்று சுகிர்தம் டீச்சர். அணையாவது வருஷத்துக்கு ஒருதரம் கதவைத் தூக்கித் தண்ணியை வெளியே விடும். டீச்சரிடம் அதுவும் இல்லை.

அவள் புருஷன் ஜெயசீலன் அணையில் ஓவர்சியராக இருந்தவர். மாற்றல் உத்தரவு வந்த வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, "முதல்ல நான் போயி வேலைல சேந்துக்கிறேன் சுகிர்தம், வீடு பாத்ததும் கூப்பிடுறேன், நீ சாமானெல்லாம் கட்டி வை" என்று சொல்லிவிட்டு, காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கப் பெட்டியோடு கிளம்பினார். கேட்டைத் தாண்டி அவர் நடக்கும்போதுதான் அவள் பார்த்தாள்: சந்தன நிறச் சட்டையில், வலது தோளுக்குக் கீழே, இஸ்திரிப்பெட்டியின் மூக்கு சுட்ட தடம், பழுப்பாக ஒரு முக்கோணம். அந்தப் பெட்டி அப்படித்தான், மூக்கில் மட்டும் சூடு கூடிப்போகும், விடிகாலை அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. கூப்பிட வாய்வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார், திரும்பியிருந்தால் அந்த மூஞ்சியில் இருந்தது வருத்தமா சந்தோஷமா என்று தெரிந்துபோயிருக்கும், தெரியவே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். பஸ் போய்விட்டது. அவர் போன ஊரில் இன்றுவரைக்கும் ஒரு வீடுகூடக் காலியாகவில்லை போலிருக்கிறது, என்ன ஊரோ போங்கள்.

அன்றிலிருந்து முதுகு என்றாலே அவளுக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் பகுதிநேர ஓவிய டீச்சர் என்பதால் அந்த வீட்டை அவளுக்கே விட்டுவைத்திருந்தார்கள். அவள் அந்த வீட்டு ஜன்னலில் நின்று, வருகிற லாரிகளைப் பார்ப்பாள், போகிற லாரிகளைப் பார்க்கமாட்டாள். தன் முதுகையும் யாருக்கும் காட்டமாட்டாள். கரும்பலகையில் எழுதும்போதுகூடப் பிள்ளைகளைப் பார்த்தபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்துதான் எழுதுவாள், பிள்ளைகள் அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டு வாலைச் சுருட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

கோடை விடுமுறையில் மனமகிழ் மன்றத்துக் கூடத்தில் கேரம் போர்டை ஓரங்கட்டிவிட்டு அவள் நடத்திய வகுப்புக்குக் காலனியில் காமிக்ஸ் கிளாஸ் என்று பேர். பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்: "டி.வி.ல பாத்தது, பென்சில் டப்பா மேல இருக்கது, அண்ணன் செல்போன்ல வெச்சிருக்கது, எதையும் இங்க வரையக் கூடாது. இதுவரைக்கும் உலகத்துலயே இல்லாத ஆளா இருக்கணும். ஆனா பாத்த உடனே, அட நம்ம ஆளுன்னு தோணணும்."

"அதெப்படி டீச்சர்? இல்லாத ஆளு எப்படி நம்ம ஆளாவான்?" என்று கேட்டாள் அணை இன்ஜினியர் ஏ.ஈ. சார் மகள் வர்ஷிதா.

"மூக்க ஒருத்தர்கிட்ட வாங்கு, காத ஒருத்தர்கிட்ட வாங்கு, நடைய வேறொருத்தர்கிட்ட வாங்கு. யார்கிட்ட வாங்கினேன்னு மட்டும் வெளிய சொல்லாத."

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வட்டத்தில் ஆரம்பித்தால் சாது, சதுரத்தில் ஆரம்பித்தால் பிடிவாதக்காரன், முக்கோணத்தில் ஆரம்பித்தால் வம்புக்காரன். வரைந்து முடித்ததும் முழுசாகக் கறுப்படித்துப் பார்க்க வேண்டும், வெறும் நிழலைப் பார்த்தே இவன் இன்னார் என்று தெரியவில்லை என்றால் அந்த ஆளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். கைக்கு நாலு விரல் போதும், அஞ்சாவது வரைந்தால் கை சீப்பு வாழைப்பழம் மாதிரி ஆகிவிடும். பேச்சுக் குமிழுக்குள் ஏழு வார்த்தைக்கு மேல் போனால் படிக்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இதையெல்லாம்விட முக்கியம், அவனுக்கு ஒரு ஆசை இருக்க வேண்டும், ஆசை இல்லாதவன் வெறும் பொம்மை.

பம்ப் ஆபரேட்டர் காஜா மைதீன் மகள் நிலோபருக்கு ஒன்பது வயது. பேச்சு கம்மி, பென்சிலைச் சீவிச் சீவி நகக்கண் அளவுக்கு ஆக்கிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். அவள் தன் வீட்டுச் சமையலறையில் ஒழுகுகிற குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தலையாக்கினாள். உச்சியில் கூர்மையாக ஒரு குடுமி. காதுகள் வாட்ச்மேன் ஒச்சப்பனுடையவை, முறம் முறமாக. மூக்கு கேண்டீன் சீனியம்மாளுடையது. மஞ்சள் சட்டை, கட்டம் போட்ட பேண்ட், கையில் அவள் அத்தா வேலைக்குக் கொண்டுபோகிற மூணடுக்குக் கேரியர். பேர் சொட்டு.

"சொட்டுவுக்கு என்ன ஆசை?" என்று கேட்டாள் டீச்சர். மற்ற பிள்ளைகளின் ஆட்கள் நூறு பரோட்டா தின்னவும், நிலாவை உதைக்கவும் ஆசைப்பட்டார்கள்.

"தண்ணி கடைசில எங்க போகுதுன்னு பாக்கணும். அவ்ளோதான் டீச்சர்."

ஒரு ஆளைச் சுற்றிலும் பார்த்து வரைவதற்குச் சார்ட்டில் நாலு கட்டம் போடுவார்கள், முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று. டீச்சர் நாலாவது கட்டத்தைப் பின்னால் மடித்துக் குண்டூசி குத்தியிருந்தாள். மிச்ச மூணிலும் புதுத் தாள் ஒட்டி, இந்தக் கோடையில் நிலோபர் சொட்டுவை வரைந்தாள். "புஸ்தகத்துல நாலு இருக்கே டீச்சர்?" என்று வர்ஷிதா விடாமல் கேட்டதற்கு, "காமிக்ஸ் படிக்கிறவங்க முகத்தப் பாக்கத்தான் படிக்கிறாங்க, முதுகெல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிட்டாள். இத்தனை வருஷமாக அவளிடம் படித்துப்போன எந்தப் பிள்ளைக்கும் முதுகு வரையத் தெரியாது. இதுவரை அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

பத்தாவது நாள் காலையில் அவள் கூடத்தைத் திறந்தபோது, சார்ட்டுக்குக் கீழே சொட்டு நின்றுகொண்டிருந்தான். நல்ல உயரம். சுற்றிலும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாக் கோடு, இடது தோளில் மஞ்சள் கிரேயான் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எவரைப் பார்த்தாலும் கேட்பதைத்தான் அவனிடமும் கேட்டாள்.

"சாப்டியா?"

"இல்ல டீச்சர். கேரியர் காலியா இருக்கு."

உண்மைதான், நிலோபர் கேரியரை வெளியேதான் வரைந்திருந்தாள், உள்ளே ஒன்றும் போடவில்லை. டீச்சர் தன் டிபன் டப்பாவிலிருந்து ரெண்டு இட்லியை எடுத்து அவனுடைய முதல் அடுக்கில் வைத்தாள். பிள்ளைகள் வந்தார்கள். நிலோபர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஒரு பட்டன விட்டுட்டேன்" என்று போய்ச் சார்ட்டில் ஒரு பட்டனை வரைந்தாள், அவன் சட்டையில் பட்டன் வந்தது. வர்ஷிதா ஓடிப்போய் அவனுக்கு ஒரு மீசை வரைந்து பார்த்தாள். சார்ட்டில்தான் மீசை வந்தது, அவனுக்கு வரவில்லை. படைத்த கை எதுவோ அதுதான் செல்லும் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

காலனி பெரிதாக ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆள் வருவதும் போவதும் அங்கே அன்றாடம் நடப்பது, இது இன்னும் ஒரு ஆள், அவ்வளவுதான். சீனியம்மாள் அவன் மூக்கைப் பார்த்து, "எங்க வகையறா மாதிரி இருக்கியேப்பா, எந்தப் பக்கம்?" என்று கேட்டு ஒரு டீயைக் கொடுத்தாள். ஒச்சப்பன் காதைத் தடவிக்கொண்டே, "பாஸ் இருக்கா தம்பி?" என்றார். ஏ.ஈ. சார் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அடையாள அட்டைக்கு முன்பக்கப் புகைப்படம் மட்டும் போதும் என்று இருந்ததால், போட்டுக் கொடுத்துவிட்டார். மழை பெய்தால் கிரேயான் மெழுகின் மேல் தண்ணி ஒட்டாமல் உருண்டு ஓடியது, குடையில்லாத பெண்கள் கைப்பிள்ளையை அவனிடம் கொடுத்து ரோட்டைக் கடந்தார்கள்.

முதுகு இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒச்சப்பன்தான். கேண்டீனில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வடையைத் தேடியவர், வடைத்தட்டு அவன் வழியாகவே தெரிகிறதே என்று எட்டிப் பார்த்தார். "ஏ தம்பி, ஒனக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லையப்பா!"

"வரையல அண்ணே."

அதனால் அவனால் ஒன்றே ஒன்று மட்டும் முடியவில்லை, முதுகைத் திருப்ப முடியவில்லை. பக்கவாட்டுவரைக்கும் திரும்புவான், அதற்கு மேல் ஒரு விரற்கடை திரும்பினால் காணாமல் போவான், அடுத்த நிமிஷம் மன்றத்தில் சார்ட்டுக்குக் கீழே திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பான். ஆக, யாரிடம் விடைபெற்றாலும் அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்துதான் போவான். காலனி கபடிக் குழுவுக்கு இதனால் யோகம் அடித்தது, பாடிப்போனவன் எதிராளிக்கு முதுகு காட்டாமலே திரும்பி வந்துவிடுவான், பக்கத்து ஊர்க்காரர்கள் பிடிக்க முடியாமல் மண்ணைக் கவ்வினார்கள்.

ஆனால் காலனி அவன் மேல் உயிரையே வைத்ததற்குக் காரணம் கபடி இல்லை. அந்த ஊரில் எல்லாரும் எப்போதும் பாதி திரும்பினவாக்கில்தான் பேசுவார்கள், அடுத்த மாற்றல் எங்கே என்று கண் ரோட்டிலேயே இருக்கும், பேச்சை முடிக்கிறதுக்குள் செருப்பை மாட்டிவிடுவார்கள். சொட்டு மட்டும் நேருக்கு நேர் நின்றான். சீனியம்மாள் சம்பந்தி வீட்டுச் சண்டையை முழுசாக மூணுதரம் சொன்னாள், அசையவில்லை. ஏ.ஈ. சார் மனைவி தனக்குச் சங்கீதம் கற்றுக்கொள்ள ஆசை இருந்ததை அவனிடம்தான் முதலில் சொன்னாள். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அவனைக் கூப்பிட்டுச் சாலையில் நிறுத்திக்கொண்டார்கள், கண்ணுக்கு மறைகிறவரைக்கும் ஒரு முகமாவது நம்மையே பார்த்துக்கொண்டு நிற்குமே என்று.

சாயங்காலம் ஆனால் அவன் டீச்சர் வீட்டுக்கு வந்துவிடுவான். சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எதிர்நாற்காலி பதினேழு வருஷமாகத் துணி மடித்து வைக்கிற நாற்காலியாக இருந்தது. அவள் துணியை எடுத்துக் கட்டிலில் போட்டாள், ரெண்டாவது தட்டைக் கழுவித் துடைத்தாள். அவன் உட்கார்ந்து அவளையே பார்த்தபடி சாப்பிட்டான். குழம்பில் உப்பு கூடவா என்று கேட்டால் கூட என்பான். இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணி வந்தது, பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது என்று அவள் பேசப் பேச அவளுக்கே ஆச்சரியம், இவ்வளவு பேச்சு எனக்குள் எங்கே கிடந்தது என்று. பிறகு அவன் முகம் காட்டியபடியே பின்னால் நடந்து கேட்டுவரை போவான், கேட்டைத் திறக்கத் திரும்புவான், மறைவான். போகிற முதுகைப் பார்க்க வேண்டியதில்லாத ஒரு விருந்தாளி. அந்தக் கோடையில் சுகிர்தம் டீச்சர் சந்தோஷமாக இருந்தாள், அதைச் சொல்ல என்ன கூச்சம்.

காலையில் மட்டும் அவன் யாருக்கும் அகப்படமாட்டான். வாய்க்கால் தொடங்குகிற தலைமதகுக்குப் போய், எவ்வளவு திரும்ப முடியுமோ அவ்வளவு திரும்பிப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, பக்கவாட்டுக் கட்டத்தில் நிலோபர் போட்ட அந்த ஒற்றைக் கண்ணை ஓரத்துக்குத் தள்ளி, காய்ந்து கிடந்த வாய்க்கால் வளைந்து போகிற திக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் பின்னால் நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினான். பாலத்தடி வளைவில் கல் தடுக்கியது, எங்கே கால் வைக்கிறோம் என்று திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான், சார்ட்டுக்குக் கீழே நின்றான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான்.

இப்படி இருக்கும்போது காஜா மைதீனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது, தஞ்சாவூர்ப் பக்கம். லாரிக்குச் சொல்லிவிட்டார், வியாழக்கிழமை காலை. அதே வியாழக்கிழமைதான் அணையில் தண்ணீர் திறப்பு.

நிலோபர் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து நின்றாள். "டீச்சர், முதுகு எப்படி வரையறது? நாலு தடவ போட்டேன். முகத்த அழிச்ச முன்பக்கம் மாதிரியே வருது. சொட்டு தண்ணி கூடவே போகணும்ங்குறான் டீச்சர்."

"அது கஷ்டம்டா. நாளைக்குச் சொல்லித் தர்றேன்."

மறுநாளும் கேட்டாள். "நாளைக்கு" என்றாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள், "இன்னைக்குத் தலைவலிடா கண்ணு, நாளைக்கு."

விஷயம் எப்படியோ காலனிக்குத் தெரிந்து, திங்கட்கிழமை சாயங்காலம் சீனியம்மாளும் ஒச்சப்பனும் ஏ.ஈ. சார் மனைவியும் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சீனியம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "டீச்சர், ஒங்களுக்குத் தெரியாததில்ல. அந்தப் புள்ளைய விட்டா அவனுக்கு முதுகு போட ஆளு கெடையாது. வியாழக்கெழமை அவுக லாரி ஏறிட்டா, அவன் நமக்குத்தான். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் தாயி. சும்மா இருந்தாப் போதும்."

"எல்லாரும் போறாக டீச்சர்," என்றார் ஒச்சப்பன். "நானும் கேட்டத் திறந்து விட்டுக்கிட்டே இருக்கேன். ஒருத்தனாச்சும் இருக்கட்டுமே."

அவர்கள் போன பிறகு டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தாள், செவ்வாய், புதன், ரெண்டே நாள். ரெண்டு நாள் தலைவலி என்று சொல்வது ஒரு பெரிய காரியமா? அப்புறம் சாகிறவரைக்கும் எதிர்நாற்காலியில் ஒரு முகம். தெய்வமே, அவள் என்ன உலகத்தையா கேட்டாள்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"முதுகு வந்துட்டா போயிருவியா சொட்டு?"

"போவேன் டீச்சர். தண்ணி திறக்கப் போறாங்க."

"இங்க ஒனக்கு என்ன கொற? எல்லாரும் ஒன்மேல உசுரா இருக்காங்க. நானும்தான்." அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டாள். "நான் ஒனக்கு ஒண்ணுமே இல்லையா?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது, நிலோபர் அதை அவனுக்குள் போடவில்லை. நாலு விரலால் சோற்றைப் பிசைந்தபடி அவன் யோசித்தான்.

"நீங்க என்னையப் பாக்குறீங்க. நான் தண்ணிய."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்து எட்டிப் பார்த்தபோதும் அவன் அப்படியே இருந்தான், முகம் இந்தப் பக்கம், கண் மட்டும் ஜன்னல் ஓரமாக, வாய்க்கால் இருக்கிற திக்கில். இத்தனை நாளும் அவன் தன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று அவள் நினைத்தது பொய். அவனுக்கு வேறு மாதிரி உட்கார வழியில்லை, அவ்வளவுதான். அந்த வழியை மடித்துக் குண்டூசி குத்தி வைத்தவள் அவள். ஜெயசீலனும் ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை ஜன்னலுக்குக் கொடுத்தவர்தான், அவளுக்கு அது அன்றைக்கே தெரியும், தெரியாத மாதிரி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போக முடியாதவனைப் பிடித்து எதிரே உட்காரவைத்துத் துணை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை, நிலோபருக்குக் கடைசி வகுப்பு. டீச்சர் உள்ளே வந்ததும் சார்ட்டின் பின்னால் கையை விட்டுக் குண்டூசிகளை எடுத்தாள். பதினேழு வருஷ மடிப்பு கோடு கோடாக வெடித்திருந்த நாலாவது கட்டம் விரிந்து தொங்கியது. பிறகு ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டாள். பிள்ளைகளை ஒருதரம் பார்த்தாள். திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

டீச்சருக்கு முதுகு இருக்கிறது என்பதையே அவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"வரைங்க," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "முதுகுக்கு முகம் கெடையாது, அதனால அழிச்ச முகம் மாதிரி போடாதீங்க. தோளப் பாருங்க. தோள் எறங்கியிருக்கா, தூக்கியிருக்கா, அதுவே எல்லாத்தையும் சொல்லிரும். முதுகுக்குப் பொய் சொல்ல வாய் இல்ல. என்ன பாக்குறீங்களோ அத அப்படியே போடுங்க, கூச்சப்படாதீங்க."

பதினோரு பென்சில்கள் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. அத்தனை கண்களும் தன் பிடரியிலும் தோளிலும் ஊர்வது அவளுக்குத் தெரிந்தது, உடம்பு கூசியது, எழுந்துவிடலாமா என்று ரெண்டுதரம் தோன்றியது, எழவில்லை. பிறகு சார்ட்டில் ஸ்கெட்ச் பேனா கிறீச்சிடுகிற சத்தம், நிலோபர்தான். பிறகு பிள்ளைகளின் ஓவென்ற கூச்சல்.

சொட்டு கூடத்தின் நடுவில் சுற்றினான். ஒருதரம், ரெண்டுதரம், பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தான், மறையவில்லை, பிள்ளைகள் கூடவே சுற்றினார்கள். டீச்சர் அந்த நேரம் பார்த்து டஸ்டரைத் தேடிக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவன் பழக்கதோஷத்தில் அவளுக்கு நேரே முகம் காட்டி நின்றான், ஆகவே அவன் முதுகு எப்படி இருந்தது என்று அவள் அன்றைக்குப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு தூக்கினார்கள். காலனி மொத்தமும் வாய்க்கால் கரையில் நின்றது. சீனியம்மாள் டீச்சரோடு பேசவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளி நின்றாள். காஜா மைதீனின் லாரி சாமானோடு ரோட்டில் உறுமிக்கொண்டிருந்தது, நிலோபர் மட்டும் இறங்கி ஓடிவந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கேரியரின் மூணு அடுக்கையும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள், எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு, மூணாவதில் ரெண்டு அதிரசம். தண்ணி நுரைத்துக்கொண்டு வந்தது. சொட்டுவின் கால் நிலையாக நிற்கவில்லை.

"போய்ட்டு வரேன் டீச்சர்," என்றான். திரும்பினான். நடந்தான்.

அவள் கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள், ஆனால் மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். மஞ்சள் சட்டைக்கு மேல் நரையோடிய ஒரு பின்னல் தொங்கியது, நுனியில் கறுப்பு ரப்பர் பேண்ட். இடது தோளில் ஒரு ஊக்கு, புடவையே இல்லாத சட்டையில் எதைப் பிடிக்க அந்த ஊக்கோ. இடது தோள் லேசாக இறங்கியிருந்தது. சுகிர்தம் டீச்சரின் முதுகு அது, அச்சு அசலாக. என்ன பாக்குறீங்களோ அத அப்படியே போடுங்க என்று அவள்தான் சொல்லியிருந்தாள், நிலோபர் அப்படியே போட்டிருந்தாள். அதற்குள் அவன் பத்தடி போய்விட்டான், வெயில் முதுகில் விழுந்தது, வலது தோளுக்குக் கீழே பழுப்பாக ஒரு முக்கோணம் தெரிந்தது.

அவள் நிலோபரின் கையை இழுத்தாள். "நிலோபர், அது... அந்தக் கறை. அத ஏன் போட்ட? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர். ஒங்க ஜாக்கெட்ல இருந்துச்சு. இஸ்திரிப்பெட்டி சுட்டுருக்கு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அதே பெட்டி, அதே மூக்கு. எத்தனை வருஷமோ, எத்தனை ஜாக்கெட்டோ. பின்னால் நின்று, இங்க பாரு சுட்டிருக்கு என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை, வெளியே யாருக்கும் அவள் காட்டியதில்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஏறிப் போனதாக அவள் நினைத்திருந்த கறை அவள் முதுகிலேயே இருந்திருக்கிறது. அது இப்போது வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் போனால் பாலத்தடி வளைவு.

"சொட்டு!" என்று கூப்பிட்டாள். அவளுக்கே தெரியாத குரல் அது, மதகுச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "டேய் சொட்டு! நில்லுடா!"

அவன் நின்றான். திரும்பினான்.

முகம் முழுக்கச் சந்தோஷம். கொஞ்சமும் மறைக்காத, கோட்டைத் தாண்டி வழிகிற சந்தோஷம். இதைப் பார்க்கப் பயந்துதான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. பார்த்தாள். வலித்தது; ஆனால் விழுந்துவிடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். போகிற ஒருத்தன் சந்தோஷமாகப் போகிறான், இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம்.

"ஒண்ணுமில்லடா! முதுகுல கறை இருக்கு! இஸ்திரி சுட்டது!"

அவன் தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கப் பார்த்தான், இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம், எட்டவில்லை, எல்லாரையும் போலத்தான். சிரித்தான்.

"பரவால்ல டீச்சர்! அது இருக்கட்டும்!"

"சரி, பாத்துப் போ! ராத்திரிக்குள்ள அதிரசத்தச் சாப்பிட்டுரு, எறும்பு வந்துரும்!"

அவன் நடந்தான். அவள் குனிந்து நிலோபர் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, "அத்தா கூப்பிடுறாரு பாரு, ஓடு" என்று அனுப்பினாள். பத்து மணிக்கு மன்றத்தில் புதுப் பிள்ளைகள் மூணு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், நேற்று இறங்கிய லாரியின் பிள்ளைகள். சொட்டு வளைவுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவளே முதலில் திரும்பினாள். திரும்பிக் காலனியைப் பார்த்து நடந்தாள்.

கரையில் நின்ற சனங்கள் வாய்க்கால் பக்கம் பார்த்தார்கள். நரையோடிய பின்னலும் ஊக்கும் பழுப்பு முக்கோணமுமாக ஒரு முதுகு தண்ணியோடு போய்க்கொண்டிருந்தது. ரோட்டுப் பக்கம் பார்த்தார்கள். அதே பின்னலும் அதே ஊக்கும் அதே முக்கோணமுமாக இன்னொரு முதுகு மன்றத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எதற்குக் கையாட்டுவது என்று தெரியாமல் சீனியம்மாள் கொஞ்ச நேரம் முழித்தாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ரெண்டுக்கும் ஆட்டினாள்.